அப்பாவின் ஃபில்டரை நீ கழுவிய மத்தியானம்

பிரபு,

நேற்று நீ அனுப்பியது ஒரே வரி. "அம்மா, பெரிய மீன் டேங்க் வாங்கியாச்சு, எந்த ஃபில்டர் போடலாம், நீங்கதான் எக்ஸ்பர்ட்." பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம். அதற்குக் கீழே நிவேதா எழுதியிருந்தாள்: "மாமாவுக்காகத்தான் வாங்கினோம் அத்தை. கல்கத்தா வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் ஹைதராபாத்துக்கே வந்துடுங்க." அந்தப் பெண் நல்ல மனதோடுதான் கூப்பிடுகிறாள். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இங்கே நடந்தது அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நீயும் சொல்லியிருக்க மாட்டாய். ஆகவே இந்தக் கடிதத்தை அவளும் படிக்கட்டும், படிக்க வேண்டியவர்கள் வேறு யார் இருந்தாலும் படிக்கட்டும். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், யாரோ உன்னைக் கூப்பிடுவார்கள், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிடுவாய். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெட்டி மேல் போட்டிருக்கிற படத்தைப் பார்த்து ஃபில்டர் வாங்காதே. உன் டேங்க்கில் இருக்கிற தண்ணீர் முழுவதும் மணிக்கு நாலைந்து தடவை அதன் வழியாகப் போய்வர வேண்டும். அந்தக் கணக்குக்குத் தோதான மோட்டாராகப் பார். பெட்டியில் எழுதியிருக்கிற வேகம், உள்ளே ஸ்பாஞ்ச் எதுவும் இல்லாமல் வெறும் மோட்டார் ஓடினால் வருகிற வேகம். ஸ்பாஞ்ச் போட்டு, அதில் அழுக்கு சேர்ந்ததும் குறைந்துவிடும். அதனால் கொஞ்சம் கூடுதலாக வாங்கலாம், ஆனால் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு இருக்க வேண்டும். எல்லா மீனுக்கும் வெள்ளம் பிடிக்காது. ஏஞ்சல் மீனுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அதன் துடுப்பு பாய் மாதிரி அகலம், ஓட்டம் பலமாக இருந்தால் நாளெல்லாம் அதை எதிர்த்து நீந்தியே ஓய்ந்துபோகும். டேங்க்கின் பின்பக்கம் மாட்டுகிற மாதிரி ஃபில்டர் கழற்றி மாட்ட வசதி. ஆனால் கரண்ட் போய் வந்தால் சில சமயம் தண்ணீரை இழுக்காமல் வெறுமனே உறுமிக்கொண்டிருக்கும். ஒரு மக் தண்ணீரை அதில் ஊற்றினால் சரியாகிவிடும், ஆனால் அதைக் கவனிக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். உள்ளேயே முக்கி வைக்கிற மாதிரியில் அந்தத் தொல்லை கிடையாது, டேங்க்கில் இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். எதை வாங்கினாலும் அதன் ஸ்பாஞ்ச் பெரிதாக இருக்கட்டும். மோட்டார் தண்ணீரைத் தள்ளத்தான். தண்ணீரைக் காப்பாற்றுவது அந்த ஸ்பாஞ்ச்.

இதெல்லாம் நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. ஹாலில் இருக்கிற டேங்க் நீ காலேஜில் படிக்கும்போது வாங்கி வந்தது. வேலை கிடைத்து ஹைதராபாத் போனபோது, மற்ற சாமான்களோடு அதையும் விட்டுவிட்டுப் போனாய். உன் அப்பாவுக்கு மீன் மேல் எந்தப் பிரியமும் இருந்ததில்லை. லேக் கார்டன்ஸிலிருந்து தினமும் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசுக்குப் போய், சிக்னல் பிரிவில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வருகிற மனிதருக்கு, வீட்டுக்கு வந்தால் பேப்பரும் டீயும் போதும். "பெங்காலிங்க மீனைச் சாப்பிடறாங்க, உன் பிள்ளை மீனுக்குச் சாப்பாடு போடச் சொல்லிட்டுப் போயிருக்கான்" என்று என்னைக் கிண்டல் செய்வார். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

பிறகு ஒரு காலை, சவரம் செய்துகொண்டிருந்தவர் ரேசரைக் கீழே போட்டார். எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது அவரிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. "ஆச்சு." பசித்தாலும் ஆச்சு, பாத்ரூம் போக வேண்டுமானாலும் ஆச்சு, கோபம் வந்தாலும் ஆச்சு. அந்த ஒரு வார்த்தை எந்த நேரத்தில் என்ன அர்த்தம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. நீ அப்போது வந்து ஒரு வாரம் இருந்தாய். டாக்டரிடம் இங்கிலீஷில் நிறைய கேள்விகள் கேட்டாய். எல்லாம் நல்ல கேள்விகள்தான்.

அவருடைய நாற்காலியை ஃபேனுக்கு நேராகப் போட வேண்டியிருந்தது. ஃபேனுக்கு நேரே உன் டேங்க் இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. பார்க்க வேறெதுவும் இல்லாததால் அதைப் பார்க்க ஆரம்பித்தார். டிவியில் வேகமாகப் பேசினால் அவருக்குத் தலை வலிக்கும், மீன் பேசாது. கறுப்புக் கோடு போட்ட பெரிய ஏஞ்சல் ஒன்று இருந்ததே, உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, அது இவர் நாற்காலிப் பக்கக் கண்ணாடியில் வந்து நிற்கப் பழகிக்கொண்டது.

ஒரு நாள் நான் சமையலறையில் இருந்தபோது நாற்காலிக் கையை இடது கையால் படபடவென்று தட்டினார். ஓடி வந்தேன். "ஆச்சு, ஆச்சு" என்று ஃபில்டரைக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் விடவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றிப் பார்த்தால், உள்ளே காந்தத்தோடு சுற்றுகிற சின்ன விசிறியில் ஒரு குட்டி நத்தை மாட்டிக்கொண்டிருந்தது. ஆயுள் முழுக்க சிக்னல் ரிலே சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பழுது கண்டுபிடித்தவருக்கு அந்த மோட்டார் சத்தம் நூலளவு மாறினதும் கேட்டுவிட்டது. நான் நத்தையை எடுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் விசிறியைத் துலக்கி, திரும்ப மாட்டினேன். காதைச் சாய்த்துக் கேட்டார். "ஆச்சு" என்றார். வியாதி வந்த பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அதிலிருந்து ஃபில்டர் அவருடைய டிபார்ட்மெண்ட். எப்போது கழுவ வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்வார். மேல் மாடி மிதாலி பௌதி (நிவேதா, பெங்காலியில் பௌதி என்றால் அண்ணி) வீட்டிலும் டேங்க் இருக்கிறது. எப்படிக் கழுவ வேண்டும் என்று அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். டேங்க் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு, அதில்தான் ஸ்பாஞ்சைப் பிழிய வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது, அதில் குளோரின் இருக்கும். சோப்பு அறவே கூடாது. வெளுக்கும்வரை கசக்கக் கூடாது, தண்ணீர் தாராளமாகப் போய்வரும் அளவுக்குப் பிழிந்தால் போதும். அந்தப் பழுப்பு நிறத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருக்கின்றன. மீனின் கழிவில் இருக்கிற விஷத்தை முறிப்பது அவைதான். ஸ்பாஞ்ச் நைந்துபோனால்கூடப் பழசோடு சேர்த்துப் புதுசைப் பல வாரம் ஓட விட்டுத்தான் பழசை எடுக்க வேண்டும். உனக்கும் இதேதான், நிவேதாவுக்கும் இதேதான். மாதம் ஒரு தடவையோ இரண்டு தடவையோ, ஓட்டம் குறைவதைப் பார்த்துச் செய்யுங்கள். கையை விடுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். ஒயர் பிளக்குக்குப் போகிற வழியில் கொஞ்சம் தொங்கட்டும், ஒயர் வழியே வழிகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும்.

பிசியோதெரபிஸ்ட் ரப்பர் பந்து கொடுத்து வலது கையால் அழுத்தச் சொல்லியிருந்தார். உன் அப்பா அதைத் தூக்கி எறிந்துவிட்டார். குழந்தை விளையாட்டு என்று அவமானம். ஆனால் வாளியை முன்னால் வைத்ததும், செத்துப்போன அந்த வலது கையை இடது கையால் தூக்கி, தானே தண்ணீருக்குள் விட்டார். ஸ்பாஞ்சை உள்ளங்கையில் வைத்துவிட்டேன். முதல் சில தடவை ஒன்றும் நடக்கவில்லை. துர்கா பூஜைக்குப் பந்தல் போட ஆரம்பித்த சமயம், சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் மடங்கின. ஸ்பாஞ்சிலிருந்து பழுப்பாக ஒரு கோடு தண்ணீரில் கலந்தது. நான் அழுதுவிட்டேன். உனக்கு அன்றைக்கே போன் செய்தேன். "சூப்பர்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்றாய்.

கல்யாணப் பத்திரிகை கொடுக்க நீ வந்தது அதற்கப்புறம். நீ வந்த மறுநாள் மத்தியானம், பாலிகஞ்சில் பிசியோதெரபிக்கு அப்பாவை நான் டாக்ஸியில் கூட்டிப்போனேன். "நீங்க போயிட்டு வாங்கம்மா, எனக்கு வீட்ல வேலை இருக்கு" என்று கண்ணைச் சிமிட்டினாய். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் ப்ளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது. நீ போனைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே, "அப்பா, கண்ணைத் திறங்க, சர்ப்ரைஸ்!" என்றாய். டேங்க் கண்ணாடி மாதிரி இருந்தது. கல்லெல்லாம் வெள்ளை. பின்னால் புதிதாக ஒரு பெரிய கறுப்பு ஃபில்டர் அருவி மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. மீனெல்லாம் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தன.

"ஸ்பாஞ்ச் எங்கேடா?" என்றேன்.

"எது, அந்தச் சாக்கடையா? ப்ளீச்சிங்ல ஊற வெச்சுக் குப்பையில போட்டாச்சு. பழைய மோட்டார், அந்த வாளி, எல்லாம் தூக்கிப் போட்டாச்சு. அதைப் போய் அப்பாவைத் தொட விட்டிருக்கீங்களே, இன்ஃபெக்ஷன் வந்தா யாரும்மா பாக்கறது?"

யார் பார்ப்பது என்று கேட்டாய். என்னைப் பார்த்து.

அப்பா டேங்க்கைப் பார்த்தார், வாளி இருந்த இடத்தைப் பார்த்தார். "ஆச்சு" என்றார். பிறகு மெதுவாக இன்னொரு தடவை, "ஆச்சு." நீ போனை அவர் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், "பாருங்க, எவ்வளவு சந்தோஷப்படறார்!" என்றாய். அந்த வீடியோவை எல்லாருக்கும் அனுப்பினாய். எத்தனை பேர் உன்னைப் போன்ற பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள்! நான் அந்த வீடியோவை இன்னும் வைத்திருக்கிறேன். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேள். பத்து வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் அது சந்தோஷம் இல்லை என்று.

மறுநாள் காலை பிளைட்டில் நீ போய்விட்டாய். அதற்கடுத்த நாளே தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கழுவிச் சுத்தம் செய்ததில் கிருமி முழுவதும் செத்திருந்தது. கழிவு விஷத்தை முறிக்க அங்கே எதுவும் இல்லை. நான் மேலே ஓடினேன். மிதாலி பௌதி விஷயத்தைக் கேட்டதும், தன் ஃபில்டரைத் திறந்து, அதிலிருந்த ஸ்பாஞ்சைக் கத்தரியால் பாதியாக வெட்டி ஈரத்தோடு என் கையில் கொடுத்தாள். "நியே ஜாவ் தீதி, தாடாதாடி" என்றாள். எடுத்துக்கொண்டு சீக்கிரம் போ என்று என்னைத் தள்ளாத குறையாக அனுப்பினாள். அதைப் புது ஃபில்டருக்குள் வைத்தேன். காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினேன், குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து ஆற விட்டு ஊற்றினேன். ஆனாலும் ஒவ்வொன்றாகப் போயின. எல்லாம் அவர் நாற்காலிக்கு எதிரில். முகத்தைத் திருப்பி வைக்கலாம் என்று நாற்காலியை நகர்த்தப் போனேன். காலை ஊன்றிக்கொண்டு நகர விடவில்லை.

கடைசியாக அந்தக் கறுப்புக் கோட்டு ஏஞ்சல் இருந்தது. அதற்கு நீந்தத் தெம்பில்லை. உன் புது ஃபில்டரில் திருகு கிடையாது, வேகத்தைக் குறைக்க வழியில்லை. தண்ணீர் கொட்டுகிற அதன் வாயில் நான் ஒரு துணியைக் கட்டி வைத்திருந்தேன், அது அவிழ்ந்துவிட்டது போலிருக்கிறது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். கொட்டுகிற தண்ணீர் அந்த மீனைப் புரட்டிப் புரட்டி அடித்திருக்கிறது. அவர் தட்டியிருப்பார், என் காதில் விழவில்லை. ஸ்ட்ரோக் வந்த பிறகு ஒரு தடவைகூடத் தானாக எழுந்து நிற்காத மனிதர், எழுந்து நின்றிருக்கிறார். சுவரைப் பிடித்து நடந்து, பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். திரும்பும்போது விழுந்திருக்கிறார். நான் ஈரத்தோடு ஓடி வந்தபோது பிளக் அவர் கையில் இருந்தது. இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து உனக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா தனியா விட்டீங்க?" ஃபில்டரை அணைக்கத்தான்டா எழுந்தார் என்றேன். "ஒரு மீனுக்காகவா? மீன்தானேம்மா, வேற வாங்கிக்க மாட்டோமா?" என்றாய். ஆப்பரேஷன், கட்டில், புண் வராமல் புரட்டிப் போடுவது என்று மாதங்கள் போயின. மடங்க ஆரம்பித்திருந்த விரல்கள் பழையபடி நீட்டிக்கொண்டு விறைத்துவிட்டன.

உன் கல்யாணத்துக்கு அவரால் வர முடியவில்லை. மிதாலி பௌதியை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, முகூர்த்தத்துக்கு நான் மட்டும் வந்தேன். தாலி கட்டின கையோடு மண்டபத்தில் உன் பெரியம்மா என் தோளைத் தொட்டு, "என்ன இருந்தாலும் அவரைத் தனியா விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது நீ" என்றாள். உன் சித்தி, "நீ மார்க்கெட் போயிருந்தியாமே" என்றாள். நான் மார்க்கெட் போகவில்லை. யார் சொன்னது என்று கேட்டேன். "பிரபுதான் சொன்னான், பாவம், ரொம்ப வருத்தப்பட்டான்" என்றாள். நீ மாலையும் கழுத்துமாக எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். நான் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து, இலையில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, கிளம்பி வந்துவிட்டேன். உன் கல்யாணத்தில் சண்டை போட்டவள் என்ற பெயர் வேறு எனக்கு எதற்கு?

தெரியாமல் செய்ததை நான் பெரிது பண்ணவில்லை. ஸ்பாஞ்சில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் பிறக்கும்போதே தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. கேட்டிருக்கலாம், நாங்கள் திரும்பி வரும்வரை காத்திருக்கலாம். கேட்கவில்லை, அது போகட்டும். ஆனால் தெரிந்த பிறகு என்ன செய்தாய்? அதைத் தூக்கி என் தலையில் வைத்தாய். அங்கேதான் என் மனம் விட்டுப்போயிற்று, பிரபு.

ஹைதராபாத்துக்கு நாங்கள் வரவில்லை. நிவேதா, நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே அம்மா. இவர் தட்டினால் என்ன, முனகினால் என்ன என்று தெரிந்தவர்கள் இந்தக் கட்டிடத்தில் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அங்கே வந்தால் எங்கள் அறையை உன் புருஷன் ரொம்பச் சுத்தமாக வைத்திருப்பான், அது எனக்குத் தெரியும். வாங்கின டேங்க்கை வீணாக்க வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றி, ஃபில்டரை மாட்டி, கிருமி வளர்வதற்காகத் துளித் துளியாய்த் தீனி போட்டு, மீன் இல்லாமல் சில வாரம் ஓட விடுங்கள். தெரிந்தவர்கள் யார் டேங்க்கிலிருந்தாவது பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உள்ளே வைத்தால் தண்ணீர் சீக்கிரம் பழகும். அப்புறம் ஒன்றிரண்டு மீன் விடுங்கள். கரண்ட் நெடுநேரம் போயிருந்தால், திரும்ப ஓட விடுமுன் ஸ்பாஞ்சை டேங்க் தண்ணீரில் அலசிவிடுங்கள். நின்றுபோன தண்ணீரில் அது அழுகியிருக்கும். அவன் கழுவுகிறேன் என்று வந்தால் நீ பக்கத்தில் நில்.

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோ காலில் வந்து "அப்பா எங்கே?" என்று கேட்கும்போதெல்லாம், "தூங்கறார்டா" என்று சொல்லி வருகிறேன். அவர் தூங்கவில்லை. என் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். உன் குரல் கேட்டதும் இடது கையை ஆட்டி வேண்டாம் என்பார். நான் போனை அவர் பக்கம் திருப்பப் போனால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், விடவே மாட்டார். அந்தப் பிடியில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று நீ பார்த்தால் ஆச்சரியப்படுவாய். உன் மனம் நோகக் கூடாது என்று இத்தனை நாள் பொய் சொன்னேன். இனிமேல் சொல்லப் போவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு அப்பா எங்கே என்று கேட்டால், நிவேதா பக்கத்தில் இருந்தாலும் சரி, யார் இருந்தாலும் சரி, "முழிச்சிட்டுத்தான் இருக்கார், உன்னைப் பாக்க இஷ்டமில்லையாம்" என்றுதான் சொல்வேன்.

அம்மா